அலமாரியிலிருந்து அச்சகத்துக்கு: முதல் நாவலைச் சொந்தமாக வெளியிடப்போகிறவருக்கு

என்னுடைய முதல் நாவலை நானே வெளியிட்டபோது ஆயிரம் பிரதிகள் அச்சடித்தேன். பெட்டிகள் வந்து இறங்கிய மாலையில் ஒரு நண்பர் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். நடுவில் எங்கோ நின்றார். பிறகு தேங்காய் உடைத்துப் பிளப்பதுபோல இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்க முயன்றார். இடப்பக்கத்தில் வரியின் கடைசி எழுத்தும் வலப்பக்கத்தில் முதல் எழுத்தும் மடிப்புக்குள் மறைந்திருந்தன.

அப்படி அச்சான புத்தகங்களை முப்பது ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டே படித்து வந்தவன் நான். முதுகு விரியாத புத்தகம், மங்கலான எழுத்து, கதையின் முடிவைச் சொல்லிவிடும் பின்னட்டை என்று எதையும் மன்னித்ததில்லை. ஆனால் கணினித் திரையில் பி.டி.எஃப். கோப்பைப் பார்த்து "சரி, அடித்துவிடலாம்" என்று சொன்னது எனக்குள் இருந்த எழுத்தாளன். வாசகனை யாரும் அழைத்துக் கேட்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியை மென்பொருளிலிருந்தோ அச்சகத்திலிருந்தோ தொடங்கப்போவதில்லை. உங்கள் அலமாரியிலிருந்து தொடங்குகிறேன். நாவல் எழுதுமளவுக்கு வந்தவர் எப்படியும் சில நூறு நாவல்களைப் படித்திருப்பார். பதிப்பாளர் வேலைக்குத் தேவையானவற்றில் பாதி அங்கேயே இருக்கிறது.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். புத்தகத்துக்கு உறை போட்டு முகவரி எழுதுவது, யாருக்கு எத்தனை பிரதி போனது என்று கணக்கு வைப்பது, பணம் வரவில்லை என்று இரண்டாம் முறை நினைவூட்டுவது ஆகியவற்றைச் செய்ய உங்களால் முடியுமா? முடியாதென்றால் பதிப்பாளரைத் தேடுவதே நல்லது. அதில் எந்தக் குறையும் இல்லை. முடியும் என்றால் மேலே படியுங்கள்.

பிரதியைப் பூட்டிவையுங்கள்

நாவலை முடித்த கையோடு அச்சுக்கு அனுப்பாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் அதைத் திறக்காமல் வையுங்கள். கடைசி அத்தியாயத்தை எழுதிய சூட்டில் இருப்பவருக்குத் தாளில் இருப்பது தெரியாது, தன் மனத்தில் இருப்பதுதான் தெரியும்.

அந்த ஆறு வாரமும் படியுங்கள், ஆனால் வழக்கம்போல அல்ல. அலமாரியிலிருந்து ஐந்து நாவல்களை எடுங்கள். அவை உங்கள் நாவலுக்கு உறவுமுறையில் வரவேண்டும்: குடும்பக் கதை என்றால் குடும்பக் கதை, துப்பறியும் கதை என்றால் துப்பறியும் கதை. கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்தவையாக இருக்கட்டும். முக்கியமாக, சொந்தக் காசில் வாங்கியவையாக இருக்கட்டும். பரிசாக வந்த புத்தகம் உங்களை வாங்கவைத்த புத்தகம் அல்ல, ஆகவே இந்தப் பாடத்துக்கு அது உதவாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். இதை ஏன் வாங்கினேன்? அட்டையா, பெயரா, ஒரு நண்பரின் வார்த்தையா, நின்றபடி படித்த முதல் பக்கமா? நேர்மையாக எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது ஐந்தில் மூன்று, யாரோ ஒருவர் உற்சாகமாகச் சொன்னதைக் கேட்டு வாங்கியவை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. என் அடுத்த நாவலுக்கான செலவுத் திட்டத்தையே அந்தப் பக்கம் மாற்றிவிட்டது.

பிறகு அளவெடுங்கள். நிறைந்த பக்கங்கள் ஐந்தைப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, ஒரு வரிக்குச் சராசரியாக எத்தனை சொல் என்று எண்ணிப் பக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், அந்த நாவலின் நீளம் ஏறக்குறைய கிடைத்துவிடும். உங்கள் நாவல் அதைப்போல இரண்டு மடங்கா? இருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அத்தியாயங்கள் எவ்வளவு நீளம், பின்னட்டைக் குறிப்பு கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறது, ஆசிரியர் குறிப்பு எத்தனை வரி, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள நூல் விவரப் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நூல் விவரப் பக்கத்தை நாம் யாரும் படிப்பதில்லை. பதிப்பாளராகப் போகிறவர் அதைத்தான் முதலில் படிக்கவேண்டும். உரிமை யாருடையது, எத்தனையாவது பதிப்பு, எழுத்துரு எது, அட்டை யார் கைவண்ணம், எங்கே அச்சானது என்று ஒரு பதிப்பகத்தின் ஜாதகமே அங்கே இருக்கிறது.

ஒரு கதை சொல்கிறேன். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1825-இல், புகழ்பெறுவதற்கு முன்னால், பதிப்புத் தொழிலில் இறங்கினார். மோலியர், லா ஃபோன்டேன் ஆகியோரின் படைப்புகளை ஒவ்வொருவருக்கும் ஒரே தொகுதியாக அடக்கிக் கொண்டுவருவது திட்டம். பழைய மேதைகள் மீது அவருக்கிருந்த பிரியத்தில் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் அடக்கியதில் எழுத்து மிகச் சிறியதாகிப் போனது. விற்கவில்லை. நஷ்டத்தை ஈடுகட்ட அச்சகம் வாங்கினார், பிறகு எழுத்து வார்க்கும் பட்டறையிலும் பங்கு சேர்ந்தார். 1828-இல் எல்லாம் கைவிட்டுப் போனது. முப்பது வயது நிறைவதற்குள் தலைக்குமேல் கடன், பெரும்பங்கு தாயாரிடம் பட்டது. வாசிப்பில் காதல் இருந்தால் மட்டும் போதாது. மாதிரிப் பக்கம் ஒன்றை விளக்கொளியில் உட்கார்ந்து அரை மணி நேரம் படித்துப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

பிடித்த எழுத்தாளர்கள் செய்யும் இடைஞ்சல்

ஆறு வாரம் கழித்துப் பிரதியைத் திறக்கும்போது இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, யாருடைய குரல். நமக்குப் பிடித்த எழுத்தாளரை நிறையப் படித்தால் அவருடைய வாக்கியங்கள் நம் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு பத்தியைப் படிக்கும்போது "அடடா" என்று உங்களுக்கே தோன்றினால், அந்த அழகு உங்களுடையதா, இரவல் வாங்கியதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் என் பிரதியில் நீக்கிய பத்திகளில் பெரும்பாலானவை எனக்கு மிகவும் பிடித்திருந்த பத்திகள்தான்.

இன்னொன்று மேற்கோள்கள். வாசிப்பு வெறியர்கள் எழுதும் நாவல்களில் இது தவறாமல் இருக்கும். முகப்பில் ஒரு கவிதை வரி, ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் ஒரு மேற்கோள், கதாநாயகி முணுமுணுக்கும் ஒரு திரைப்பாடல். பதிப்பகம் வழியாக வெளிவரும் நூலில் இதை யாராவது கவனித்துக் கேட்பார்கள். சொந்தமாக வெளியிடும்போது கேட்க ஆளில்லை, சிக்கல் வந்தால் பொறுப்பேற்கவும் உங்களைத் தவிர ஆளில்லை.

விதி சுருக்கமானது. பதிப்புரிமை தானாகவே உண்டாகிறது. 1886-ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில் அதற்குப் பதிவு தேவையில்லை. அந்த ஒப்பந்தத்தின் பொது விதிப்படி அது ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கிறது. பல நாடுகள் அதை 60 அல்லது 70 ஆண்டுகளாக நீட்டியிருக்கின்றன. அந்தக் காலம் கடந்த படைப்பு பொதுவுடைமை, தாராளமாக எடுத்தாளலாம். ஆனால் மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். இருநூறு ஆண்டு பழைய ரஷ்யக் கவிதையாக இருந்தாலும், அதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு தமிழாக்கியவரிடம் கேட்கத்தான் வேண்டும். விமர்சனக் கட்டுரையில் சில வரிகளை மேற்கோள் காட்டுவதற்கு உள்ள சலுகை, நாவலின் அலங்காரத்துக்காக எடுத்துப்போடும் வரிக்குப் பொருந்தும் என்று நம்பி இருக்கவேண்டாம். பாடல் வரிகளுக்கு அனுமதி வாங்குவது எல்லாவற்றிலும் சிரமம். பாடல் மிகச் சிறியது, அதில் இரண்டு வரி என்பதே பெரும் பங்கு. தலைப்பைக் குறிப்பிடுவதில் சிக்கல் இல்லை. "அவள் அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்தாள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுங்கள். எந்தப் பாட்டு என்று வாசகரே கேட்டுக்கொள்வார், பல நேரங்களில் உங்களைவிட நல்ல பாட்டாகவே தேர்ந்தெடுப்பார்.

அனுமதி கேட்பதாக இருந்தால் இப்போதே கடிதம் எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்காகும். வரும்வரை அந்த வரி இல்லாமலும் நாவல் நிற்கும்படி எழுதிவையுங்கள்.

பிறர் கண்கள்

அடுத்து முன்வாசகர்கள், மூன்று அல்லது நான்கு பேர். உங்கள்மீது அன்புள்ளவர்களைவிட நாவல்கள்மீது அன்புள்ளவர்களைத் தேர்ந்தெடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே அத்தியாயத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. காரணத்தை அவர்கள் தவறாகச் சொல்லக்கூடும், ஆனால் இடம் தவறாது.

அதன்பின் செம்மையாக்கம். இங்கே மூன்று வேலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது கதையின் கட்டுமானத்தைப் பார்ப்பது: எந்த அத்தியாயம் தேவையில்லை, எந்தப் பாத்திரம் பாதியில் காணாமல் போகிறது. இரண்டாவது வாக்கியங்களைச் செம்மைப்படுத்துவது. மூன்றாவது பிழைதிருத்தம். மூன்றையும் இந்த வரிசையில்தான் செய்யவேண்டும். ஒற்றுப்பிழை திருத்திய அத்தியாயத்தை அடுத்த வாரம் நீக்குவது வீண்செலவு. மூன்றுக்கும் பணமில்லை, ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். என் கருத்து இது: கட்டுமானத்துக்கு நல்ல முன்வாசகர்களை நம்புங்கள், பணத்தை இரண்டாவதற்குக் கொடுங்கள், மூன்றாவதை நீங்களும் இன்னும் இருவரும் பிடிவாதமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

பிழைதிருத்தத்துக்குச் சில கைப்பழக்கங்கள். பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: பாத்திரங்கள், ஊர்கள், வயதுகள், எந்த நிகழ்ச்சி எந்த மாதத்தில் என்று. என் நாவலில் ஒரு பாட்டி 40-ஆம் பக்கத்தில் கண்ணம்மாள், 180-ஆம் பக்கத்தில் கண்ணம்மா. எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் அதிலேயே குறியுங்கள். "கோவில்", "கோயில்" இரண்டும் சரிதான், ஆனால் ஒரே நாவலில் இரண்டும் வரக்கூடாது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணை ஏமாற்றிவிடும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தட்டியிருந்தால் தேடுபொறியில் அந்தச் சொல் அகப்படாது. பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால் கொம்புகள் இடம்மாறியிருக்கும். முழுவதையும் மறுபடி படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசிச் சுற்றில் வேறு எழுத்துருவில் தாளில் எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப்போகும் பிழையில் நாக்கு தடுக்கி நிற்கும்.

பக்க வடிவமைப்பு முடிந்து மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படி) கைக்கு வந்தபின் பிழையை மட்டும் திருத்துங்கள், நாவலைத் திருத்தாதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் தன் பெருநாவலின் முதல் பாகத்தைப் பல பதிப்பகங்கள் மறுத்தபின் 1913-இல் சொந்தச் செலவில்தான் வெளியிட்டார். மெய்ப்பின் ஓரங்களிலும் ஒட்டுத்தாள்களிலும் எழுதி எழுதி அச்சகத்தைத் திணறடித்தார், அதற்கான கூடுதல் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது. அவருக்குச் சொத்து இருந்தது.

பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது

"உங்கள் நூலை நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று தொகுப்புத் திட்டம் விற்கும் நிறுவனங்கள் தேடி வரும். எல்லாமே மோசடி அல்ல. வேலையை ஒப்படைத்துக் கூலி கொடுப்பது நியாயமான ஏற்பாடு. கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: அவர்கள் வருமானம் வாசகரிடமிருந்து வருகிறதா, உங்களிடமிருந்து வருகிறதா? உங்களிடமிருந்து மட்டுமே என்றால், புத்தகம் விற்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. நான் ஒருமுறை அப்படி ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவன். அட்டையின் மூலக் கோப்பைக் கேட்டபோது அது தங்கள் சொத்து என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான நாவல்களைப் படித்தவனுக்கு நான்கு பக்க ஒப்பந்தம் படிக்கப் பொறுமை இல்லாமல் போனது.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள்: உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த வடிவங்களுக்கு? மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளை எழுதாமல் விட்டிருக்கிறார்களா, வாங்கிக்கொண்டிருக்கிறார்களா? விலகவேண்டுமென்றால் எப்படி? வடிவமைத்த மூலக் கோப்புகள் யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் காலணியைக் கழற்றாதீர்கள்.

புத்தகத்தின் உடம்பு

அளவை உங்கள் ஐந்து நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாவலுக்கு, அச்சகங்களில் டெம்மி, கிரவுன் என்று சொல்லும் இரண்டு நூல் அளவுகளும் பழகியவை. வித்தியாசமான அளவு வேண்டாம், கடைத் தட்டில் நிற்காது, அஞ்சல் உறையிலும் பொருந்தாது. எழுத்தளவைத் திரையில் தீர்மானிக்காமல் மூன்று அளவுகளில் ஒரே பக்கத்தை அச்செடுத்து, அறுபது வயதைக் கடந்த ஒரு வாசகரிடம் கொடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரி குறுகலாக இருந்து இருபக்கமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே குழிகள் விழும். எழுத்துருவுக்கு உரிமம் உண்டு என்பதையும் பாருங்கள், திறந்த உரிமத்தில் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது இருக்கின்றன.

உள் ஓரம், அதாவது மடிப்பை ஒட்டி விடும் வெற்றிடம், என் பழைய காயம், அதனால் எண்ணோடு சொல்கிறேன். நூலைச் சொந்தமாக வெளியிட உதவும் அமேசானின் கே.டி.பி. சேவை 151 முதல் 300 பக்கம் வரையான நூலுக்குக் குறைந்தது அரை அங்குலமும், 301 முதல் 500 பக்கம் வரை 0.625 அங்குலமும் உள் ஓரம் கேட்கிறது. அது குறைந்தபட்சம். நான் முக்கால் அங்குலத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து மொத்தமாக அடிக்கும் முறையில், அச்சடிப்பதாக இருந்தால் பக்கங்கள் ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள்) கணக்கில் வரும், பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 258 பக்கத்தில் நாவல் முடிந்தால், மிச்சமுள்ள இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்துக்குத் தாள் போகும். வடிவமைப்பாளரிடம் சொன்னால் 256-க்குள் அடக்கிவிடுவார். பக்க எண்ணிக்கை உறுதியானபிறகே அட்டையை முடியுங்கள். முதுகின் அகலம் பக்கங்களையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. அட்டைக்கான படம் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில், அச்சுக்குரிய நான்கு வண்ண முறையில், வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. கூடுதலாக இருக்கவேண்டும்.

அட்டை வடிவமைப்பாளரிடம் கதை முழுவதையும் சொல்லாதீர்கள். அவர் எல்லாவற்றையும் அட்டையில் வைக்கப் பார்ப்பார்: ஆறு, ரயில், அழும் பெண், அரிவாள். ஐந்து நூல்களின் அட்டைகளைக் காட்டி, இவற்றோடு ஒரே தட்டில் நிற்கவேண்டும், ஆனால் இவற்றில் ஒன்றாகத் தெரியக்கூடாது என்று சொல்லுங்கள். கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பைப் படிக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

பின்னட்டைக் குறிப்பை எழுத ஒரு வாரம் ஒதுக்குங்கள். நாவலின் முதல் கால்பங்கைத் தாண்டி எதையும் சொல்லவேண்டாம். "காலத்தை வென்று நிற்கும்" போன்ற சொற்களை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள், வாசகருக்கு அது தெரிந்துவிடும்.

எண்கள், பதிவுகள்

நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என். 2007 தொடக்கம் முதல் 13 இலக்கம். சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் விலைக்கு. காகித அட்டைப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, மின்னூல் என்று வடிவத்துக்கு ஒரு தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் புது எண் தேவையில்லை. உங்கள் பெயரிலேயே எண் வாங்குங்கள். வேறொருவர் தரும் எண்ணைப் போட்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்தான். உங்கள் நாட்டின் தேசிய நூலகத்துக்கு எத்தனை பிரதி அனுப்பவேண்டும் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

எத்தனை அடிப்பது, என்ன விலை

ஆயிரம் அடித்தவன் சொல்கிறேன்: ஆயிரம் அடிக்காதீர்கள். ஆஃப்செட்டில் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்பது உண்மை. அந்தக் கணக்கைக் காட்டித்தான் அச்சகத்தார் ஆசைகாட்டுவார். விற்காத பிரதியின் அடக்கவிலை எவ்வளவு குறைந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். சில நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சு போதும். கேட்கும்போது ஒன்றொன்றாக அச்சிட்டு அனுப்பும் முறையில் கட்டிலுக்கடியில் எதுவும் சேராது, ஆனால் பிரதிக்கான செலவு குறையாது. ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் தன் முயல் கதையைப் பதிப்பகங்கள் மறுத்தபோது 1901-இல் 250 பிரதிகள் மட்டும் சொந்தமாக அச்சிட்டார். அவை தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் அதை ஏற்று வெளியிட்டது. எனக்கு அந்த எண் பிடித்திருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு சிறு சோதனை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபும் அவர் கணவர் லெனார்ட் உல்ஃபும் 1917-இல் கை அச்சுப்பொறி வாங்கியபோது நாவலில் கைவைக்கவில்லை. ஆளுக்கொரு கதையாக ஒரு சிறு நூல், 150 பிரதி. நீங்களும் ஒரு சிறுகதையை 32 பக்க நூலாக்கிப் பாருங்கள். உள் ஓரம், முதுகு, உறை, அஞ்சல் செலவு எல்லாவற்றின் தவறும் மலிவாக வெளிப்பட்டுவிடும்.

விலைக் கணக்கு: அட்டை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கடைகளும் விநியோகஸ்தரும் 35 முதல் 50 வரை கழிவு கேட்பது சாதாரணம். 40 போகட்டும். அச்சுச் செலவு 30 என்றால் கையில் நிற்பது 30. செம்மையாக்கம், வடிவமைப்பு, அட்டைக்கு மொத்தம் 9,000 செலவழித்திருந்தால், 300 பிரதி கடைவழியே விற்றபிறகுதான் உங்கள் முதல் காசு. அன்பளிப்புப் பிரதிகளை இதில் நான் சேர்க்கவில்லை, அவற்றையும் சேருங்கள். டிக்கன்ஸ் 1843-இல் தன் கிறிஸ்துமஸ் கதையின் தயாரிப்புச் செலவைத் தானே ஏற்றார். கையால் வண்ணம் தீட்டிய படங்கள், பொன்பூசிய ஓரங்கள், ஆனால் விலை ஐந்து ஷில்லிங்தான். சில நாட்களில் 6,000 பிரதி தீர்ந்தது. கணக்கு வந்தபோது லாபம் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான். விற்காததால் நஷ்டப்படுவது ஒரு வகை. நன்றாக விற்றும் கையைப் பிசைவது இன்னொரு வகை, அதைத் தவிர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மின்னூலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இ-பப் கோப்பு ஒன்று தயாராக இருந்தால் போதும், யூனிகோடு எழுத்தில் இருக்கவேண்டும், அத்தியாயத் தலைப்புகள் பொருளடக்கத்தில் இணைந்திருக்கவேண்டும். கிண்டிலில் விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூலை வேறெங்கும் வெளியிடக்கூடாது. உங்கள் நாவலை நீங்களே ஒருமுறை கைபேசியில் முழுதாகப் படித்துவிட்டு வெளியிடுங்கள்.

வாசகரை எங்கே தேடுவது

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்: ஐந்தில் மூன்று, ஒருவர் உற்சாகமாகச் சொன்னதால் வாங்கியவை. அந்த ஒருவராக நீங்கள் இருந்திருக்கிறீர்களா?

நாவல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பிருந்தே, உங்களுக்குப் பிடித்த மற்றவர்களின் புத்தகங்களைப் பற்றி எழுதுங்கள், பேசுங்கள். மாதம் இரண்டு போதும். என்ன பிடித்தது, எந்தப் பக்கத்தில் பிடித்தது, எங்கே ஏமாந்தீர்கள் என்று எழுதுங்கள். பிரதிபலன் எதிர்பார்த்து எழுதினால் வாசனை அடித்துவிடும், அதனால் உண்மையாகவே பிடித்தவற்றைப் பற்றி மட்டும். உங்கள் ரசனையை நம்பி இரண்டு புத்தகம் வாங்கி ஏமாறாதவர், மூன்றாவதாக உங்கள் நாவலை வாங்கத் தயங்கமாட்டார். என் இரண்டாவது நாவலின் முதல் நூறு பிரதிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின.

முன்பதிவு கேட்கக் கூச்சப்படவேண்டாம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். ஆனால் தேதி சொன்னால் காப்பாற்றுங்கள். அச்சகம் சொல்லும் தேதியோடு ஒரு மாதம் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதிப்புரைக்காக அனுப்பும் பிரதிகளைப் பட்டியல் போட்டு அனுப்புங்கள், பதினைந்துக்கு மேல் வேண்டாம். அந்தப் பதினைந்து பேரும் இந்த வகை நாவலைப் படிப்பவர்களா என்று பாருங்கள். அனுப்பியபின் "படித்துவிட்டீர்களா" என்று ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள். காசு கொடுத்துப் பாராட்டு வாங்காதீர்கள். கடுமையான விமர்சனம் வந்தால் பதில் எழுதாதீர்கள், அதில் உள்ள பிழைச்சுட்டல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவற்றை எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும். முதல் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு பிரதியை எடுத்து, அட்டையில் பென்சிலால் "திருத்தப் பிரதி" என்று எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். அன்றிரவே யாராவது ஒருவர் அழைத்து, 112-ஆம் பக்கத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பார். நன்றி சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்து அந்தப் பக்கத்தில் குறியுங்கள். யாருக்கும் கடன் கொடுக்கக்கூடாத ஒரே பிரதி அது.